எண்ணெய் வைத்தும் தலை அரிப்பு நிற்கவில்லை, என்ன செய்வது?

கேள்வி: எனக்கு வயது 36. முடி இடுப்புவரை இருக்கிறது. அடர்த்தி குறையவில்லை, ஆனால் கீழ்ப்பாதி சொரசொரவென்று காய்ந்து கிடக்கிறது, சீப்பு இறங்குவதே இல்லை. ஒரு வருடமாகத் தலை அரிப்பும் சேர்ந்துகொண்டது. தலைத்தோல் வறண்டுவிட்டது என்று நினைத்து இரவில் தேங்காய் எண்ணெயை நன்றாகத் தேய்த்துவிட்டு மறுநாள் அப்படியே பின்னிக்கொள்கிறேன். அடிக்கடி குளித்தால் இன்னும் வறண்டுவிடும் என்று எல்லோரும் சொல்வதால் 10 நாளைக்கு ஒரு முறைதான் தலைக்குக் குளிக்கிறேன். குளித்த இரண்டு நாள் நிம்மதி. நான்காம் நாள் அரிப்பு ஆரம்பித்துவிடும். சொரிந்தால் நகத்தில் மஞ்சளாகப் பிசுபிசுப்போடு செதில் வருகிறது. காதுக்குப் பின்னாலும் தோல் உரிகிறது. எலுமிச்சைச் சாறு தேய்த்தேன், எரிந்ததுதான் மிச்சம். மூன்று ஷாம்பு மாற்றியாகிவிட்டது. இரண்டு மாதத்துக்கு ஒரு முறை வீட்டிலேயே டை அடிக்கிறேன். போன தடவை அடித்த மறுநாள் காதோரமும் பின்கழுத்தும் சிவந்து அரித்தது. எந்த எண்ணெய்க்கு மாறலாம்? பயோட்டின் மாத்திரை சாப்பிடலாமா? அடுத்த மாதம் வீட்டில் விசேஷம், அதற்குள் டை அடிக்கலாமா? பெயர் வெளியிட வேண்டாம்.

பதில்: எந்த எண்ணெய்க்கு மாறலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். தலைத்தோலுக்கு எந்த எண்ணெயும் வேண்டாம். குறைந்தது இந்த அரிப்பு அடங்கும்வரை வேண்டாம். இருக்கிற தேங்காய் எண்ணெயை முடியின் கீழ்ப்பாதிக்கு வைத்துக்கொள்ளுங்கள், அங்கே அதற்கு வேலை இருக்கிறது. அதைப் பிறகு சொல்கிறேன்.

உங்கள் கடிதத்தில் மூன்று பிரச்சினைகள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. அரிப்பு ஒன்று, முடி வறட்சி இன்னொன்று, டை அடித்த மறுநாள் வந்த சிவப்பு மூன்றாவது. மூன்றும் ஒரே தலையில் இருப்பதால் காரணமும் ஒன்றாகத்தான் இருக்கும் என்று தோன்றும், அதனால் வறட்சி என்ற ஒன்றை வைத்து எல்லாவற்றையும் விளக்கிவிட்டு அதற்கு எண்ணெய்தான் மருந்து என்று முடிவுக்கும் வந்துவிட்டீர்கள். ஆனால் தலைத்தோலும் முடியும் ஒரே கணக்கில் வருபவை அல்ல. தலைத்தோல் உயிருள்ள தோல், அதுவும் எண்ணெய்ச் சுரப்பிகள் நெருக்கமாக அமைந்த தோல். வெளியே நீண்டு தொங்கும் முடி உயிரில்லாதது. கெரட்டின் என்ற புரதத்தாலான இழை, அவ்வளவுதான். அதில் ரத்தம் ஓடுவதில்லை, கெட்டுப்போனால் தன்னைச் சரிசெய்துகொள்ளவும் அதனால் முடியாது. வேர்ப்பக்கம் எண்ணெய் வழிகிற அதே தலையில் நுனி காய்ந்து கிடக்கலாம். நீளமான முடி உள்ளவர்களிடம் இதை அடிக்கடி பார்க்கிறேன், ஏனென்றால் தோலில் சுரக்கும் எண்ணெய் இடுப்புவரை இறங்கிப் போவதில்லை.

முதலில் அரிப்பு. உங்களுக்கு இருப்பது வறண்ட தலைத்தோல் அல்ல என்று நினைக்கிறேன், அதற்கான ஆதாரங்களை நீங்களே எழுதியிருக்கிறீர்கள். தலைத்தோல் உண்மையாகவே வறண்டிருந்தால் குளித்து முடித்த கையோடுதான் இழுத்துப் பிடித்த மாதிரி இருக்கும், அரிப்பும் அன்றைக்கே அதிகமாக இருக்கும், உதிர்வது பொடிப்பொடியான வெள்ளைச் செதிலாக, ஒட்டாமல் தோளில் விழும். உங்களுக்கு நேர் எதிர். குளித்ததும் நிம்மதி, நாள் போகப் போக அரிப்பு, செதில் மஞ்சள் நிறம், பிசுபிசுப்பு. போதாததற்குக் காதுக்குப் பின்னாலும் உரிகிறது. கண்ணாடியில் புருவத்தையும் மூக்கின் இரண்டு பக்க மடிப்பையும் ஒரு முறை பாருங்கள், அங்கேயும் லேசான சிவப்பும் செதிலும் இருந்தால் ஆச்சரியப்பட மாட்டேன். இது பொடுகின் கொஞ்சம் தீவிரமான வடிவம். மருத்துவர்களான நாங்கள் இதை செபோரிக் டெர்மடைட்டிஸ் என்போம். பொடுகும் இதுவும் வேறு வேறு நோய்கள் இல்லை, அளவில்தான் வித்தியாசம்.

நடப்பது இதுதான். மலாசீசியா என்ற ஈஸ்ட் வகைப் பூஞ்சை எல்லோருடைய தலையிலும் வாழ்கிறது, என் தலையிலும் இருக்கிறது. தனக்கு வேண்டிய கொழுப்பைத் தானே தயாரிக்க அதற்கு முடியாது, அதனால் நம் தோலில் சுரக்கும் எண்ணெயைச் சிதைத்துத்தான் பிழைக்கிறது. அப்படிச் சிதைக்கும்போது ஓலியிக் அமிலம் போன்ற கொழுப்பு அமிலங்கள் மிஞ்சுகின்றன. சிலருடைய தோல் இதைப் பொருட்படுத்தாது. சிலருடைய தோல் எரிச்சலடைந்து, சிவந்து, செல்களை அவசர அவசரமாக உற்பத்தி செய்து உதிர்க்க ஆரம்பித்துவிடும். அந்த உதிர்வுதான் செதில், அந்த எரிச்சல்தான் அரிப்பு. ஆகவே இது அழுக்கால் வருவதில்லை, ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தொற்றுவதுமில்லை, யாராவது அப்படிச் சொன்னால் கண்டுகொள்ளாதீர்கள்.

இப்போது உங்கள் பழக்கத்தை இதோடு வைத்துப் பாருங்கள். 10 நாள் தலைக்குக் குளிக்காமல் இருந்தால் சுரந்த எண்ணெய் அப்படியே தேங்குகிறது, அதன் மேல் வெளியிலிருந்தும் எண்ணெய் ஊற்றுகிறீர்கள். தாவர எண்ணெய்கள் பெரும்பாலும் கொழுப்பு அமிலங்களால் ஆனவைதான், ஆலிவ் எண்ணெயில் மிக அதிகமாக இருப்பதே மேலே சொன்ன ஓலியிக் அமிலம்தான். எண்ணெய் வைத்தவுடன் கொஞ்ச நேரம் சுகமாக இருக்கும் என்பது உண்மை. செதில்கள் ஊறி, ஒட்டிப் படிந்துவிடுவதால் கண்ணுக்கும் தெரியாது. அந்தச் சுகத்தை நம்பித்தான் பலர் வருடக்கணக்கில் இந்தச் சுழற்சியிலேயே இருக்கிறார்கள்: அரித்தால் எண்ணெய், எண்ணெய் வைத்ததால் அரிப்பு.

சரி, செய்ய வேண்டியது. மருந்துக்கடையில் கீட்டோகோனசோல் என்ற பூஞ்சை மருந்து 2 சதவீதம் உள்ள ஷாம்பு கிடைக்கும் (சில நாடுகளில் 2 சதவீதத்துக்கு மருந்துச்சீட்டு வேண்டும், 1 சதவீதம் சீட்டு இல்லாமலே கிடைக்கும்). வாரம் இரண்டு முறை, நான்கு வாரம். இதில் மருந்தைவிடப் போடும் விதம் முக்கியம், மூன்று ஷாம்பு மாற்றியும் பலிக்காததற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம் என்று சந்தேகப்படுகிறேன். சாதாரண ஷாம்பு மாதிரி நுரை வந்ததும் அலசிவிட்டால் மருந்துக்கு வேலை செய்ய நேரமே இல்லை. அது தோலில் 3 முதல் 5 நிமிடம் இருக்க வேண்டும். தோலில் என்றால் தோலில், முடியில் அல்ல. உங்களுக்கு இருக்கிற அடர்த்திக்கு மேலே கொஞ்சம் ஊற்றித் தேய்த்தால் அது முடியிலேயே தங்கிவிடும். முடியை நன்றாக நனைத்துக்கொண்டு, விரலால் வகிடு வகிடாகப் பிரித்து, ஒவ்வொரு வகிட்டிலும் தோலில் படும்படி வைத்து, விரல்நுனியால் மெதுவாகத் தேயுங்கள். நகத்தை உபயோகிக்க வேண்டாம். அந்த நுரையையே காதுக்குப் பின்னாலும் கொஞ்சம் தடவி விடலாம், கண்ணில் படாமல் பார்த்துக்கொண்டால் போதும். 5 நிமிடம் கழித்து நன்றாக அலசுங்கள். முடி அடர்த்தியாக இருப்பவர்கள் பின்தலையைச் சரியாக அலசுவதே இல்லை, அங்கே தங்கும் ஷாம்புவே தனியாக ஓர் அரிப்பைக் கொடுக்கும்.

தலையில் எண்ணெய் இருக்கும்போது இந்த ஷாம்புவை நேராகப் போடாதீர்கள், எண்ணெயோடு போராடியே அது தீர்ந்துவிடும். முதலில் வழக்கமான மென்மையான ஷாம்புவை ஒரு தடவை போட்டு அலசிவிட்டுப் பிறகு மருந்து ஷாம்பு.

சில வாரங்களில் அரிப்பு குறையத் தொடங்கும். உடனே நிறுத்திவிடாதீர்கள். நான்கு வாரம் முடிந்ததும் வாரம் ஒரு முறை அல்லது இரண்டு வாரத்துக்கு ஒரு முறை என்று தொடர வேண்டும், ஏனென்றால் இந்தப் பூஞ்சையை அடியோடு ஒழிக்க முடியாது, ஒழிக்க வேண்டிய அவசியமும் இல்லை. கட்டுக்குள் வைத்திருந்தால் போதும். மன அழுத்தம், குளிர்காலம், தூக்கமின்மை போன்ற சமயங்களில் மறுபடி தலைகாட்டும், அப்போது திரும்ப வாரம் இரண்டு முறை. "ஒரேயடியாகக் குணமாகுமா டாக்டர்" என்று கேட்காதவர்கள் இல்லை. ஆகாது. ஆனால் இருப்பதே தெரியாத அளவுக்கு வைத்துக்கொள்ள முடியும்.

கீட்டோகோனசோல் ஒத்துவரவில்லை என்றால் ஜிங்க் பைரிதியோன், செலினியம் சல்ஃபைடு என்று வேறு மருந்துகள் உள்ள ஷாம்புகளும் இருக்கின்றன. ஜிங்க் பைரிதியோனை ஐரோப்பிய ஒன்றியத்தில் 2022 முதல் அழகுசாதனப் பொருள்களில் அனுமதிப்பதில்லை, மற்ற பல இடங்களில் இன்னும் கிடைக்கிறது. செலினியம் சல்ஃபைடு சாயம் ஏறிய முடியின் நிறத்தை மாற்றக்கூடியது, ஆகவே உங்களுக்கு அதை முதலில் சொல்ல மாட்டேன். செதில் தடித்து அப்பிக் கிடந்தால் சாலிசிலிக் அமிலம் கலந்தது அதைக் கரைக்க உதவும், ஆனால் அது முடியையும் வறட்டும். கர்ப்பமாக இருந்தாலோ பால் கொடுத்துக்கொண்டிருந்தாலோ எதைத் தொடங்குவதற்கு முன்பும் மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள். அப்புறம், யாராவது ஸ்டீராய்டு லோஷன் ஒன்றைக் கொடுத்து "போட்டுப் பார், உடனே நிற்கும்" என்பார்கள். நிற்கும்தான். வீக்கம் அதிகமாக இருக்கும்போது சில நாளுக்கு நாங்களும் எழுதிக் கொடுப்போம். அதை மாதக்கணக்கில் தானாகவே வாங்கிப் போடும்போதுதான் தோல் மெலிந்து, நிறுத்தியதும் அரிப்பு இரட்டிப்பாகத் திரும்புகிறது.

கடிதத்தை வைத்துச் சொல்வதில் ஓர் எல்லை இருக்கிறது, அதனால் இன்னும் இரண்டு மூன்று சந்தேகங்களையும் தீர்த்துவிடுங்கள். முதல் வேலையாகப் பேன் இருக்கிறதா என்று யாரையாவது பார்க்கச் சொல்லுங்கள். சிரிக்க வேண்டாம், படித்தவர், வசதியானவர் என்று பேன் ஆள் பார்த்து ஏறுவதில்லை, பெரியவர்களிடம் தேடிப் பார்க்காமலே பொடுகு என்று மாதக்கணக்கில் வைத்தியம் நடந்துகொண்டிருக்கும். பின்கழுத்துக்கு மேலேயும் காதுக்குப் பின்னாலும் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். செதில் என்றால் இழுத்தால் வழுக்கிக்கொண்டு வந்துவிடும், ஈர் என்றால் முடியோடு ஒட்டிக்கொண்டு நகராது. செதில் வெள்ளி மாதிரி தடித்து, நெற்றி ஓரத்தைத் தாண்டி வெளியே வந்து, முழங்கை முழங்காலிலும் அதே மாதிரி திட்டுகள் இருந்தால் அது சொரியாசிஸாக இருக்கலாம், அதற்கு வைத்தியம் வேறு. வட்ட வட்டமாக முடி உடைந்து சொட்டை விழுந்தாலோ, சீழ் வைத்தாலோ, தொட்டால் வலித்தாலோ நான்கு வாரம் காத்திருக்காமல் போய்க் காட்டுங்கள். வீட்டில் குழந்தைக்கு அப்படி இருந்தால் இன்னும் சீக்கிரம் போக வேண்டும், ஏனென்றால் குழந்தைகளுக்கு வரும் தலைப்படை ஷாம்புவுக்கு மட்டும் போகாது, மாத்திரையும் வேண்டும்.

இனி முடி. "வாரம் இரண்டு முறை ஷாம்பு என்றால் என் முடி என்ன ஆகும்" என்று இந்நேரம் கேட்டிருப்பீர்கள். அதற்கு முன் ஒரு கணக்கு. முடி மாதத்துக்குச் சுமார் 1 செ.மீ. வளரும். இடுப்புவரை, சொல்லப்போனால் 70, 80 செ.மீ. இருந்தால், உங்கள் முடியின் நுனி ஆறு ஏழு வருடத்துக்கு முன்னால் தலையை விட்டு வெளியே வந்தது. அத்தனை வருடச் சீப்பு, வெயில், துண்டு, கொண்டை ஊசி எல்லாவற்றையும் அது பார்த்துவிட்டது. அதோடு இரண்டு மாதத்துக்கு ஒரு முறை டை என்றால் வருடத்துக்கு ஆறு முறை. ஒவ்வொரு தடவையும் வேரிலிருந்து நுனிவரை முழுசாகத் தடவியிருந்தால் நுனிப்பகுதி முப்பது தடவைக்கு மேல் சாயம் குடித்திருக்கும். வறட்சிக்குக் காரணம் தேடி ஷாம்புவைத் திட்ட வேண்டியதே இல்லை.

முடி இழையின் மேல்புறம் ஓடு வேய்ந்த கூரை மாதிரி செதில் செதிலான அடுக்குகளால் மூடியிருக்கும். அதற்கும் மேலே மிக மெல்லிய ஒரு கொழுப்புப் படலம் ஒட்டியிருக்கும், முடி வழவழப்பாக இருப்பதும் தண்ணீர் சட்டென்று உள்ளே ஏறாததும் அதனால்தான். நிரந்தரச் சாயங்களில் பெரும்பாலும் காரத்தன்மையும் ஹைட்ரஜன் பெராக்சைடும் இருக்கும், சாயம் உள்ளே போவதற்காக அவை அந்த அடுக்குகளைத் திறந்துவிடும், அந்தப் படலத்தையும் கழற்றிவிடும். கழன்றது மறுபடி முளைக்காது. அடுக்குகள் தூக்கிக்கொண்டு நிற்பதால் ஓர் இழை இன்னொன்றில் மாட்டிச் சிக்கு விழுகிறது, சீப்பு இறங்காததற்குக் காரணம் அதுதான். சொரிவதும் முடிக்குக் கெடுதல் என்பது பலருக்குத் தெரியாது. நகம் தோலை மட்டும் தேய்ப்பதில்லை, வேருக்குப் பக்கத்தில் இருக்கும் முடியையும் உரசி அடுக்குகளைப் பெயர்க்கிறது. அரிப்பை அடக்குவதே புதிதாக வளரும் முடிக்குச் செய்யும் முதல் உதவி.

கெட்டுப்போன முடியைப் பழையபடி ஆக்கும் பொருள் எதுவும் இல்லை, எந்தப் புட்டியில் என்ன எழுதியிருந்தாலும் சரி. செய்ய முடிந்தது இரண்டு: இருப்பதை வழவழப்பாக்கி மேலும் உடையாமல் பார்த்துக்கொள்வது, புதிதாக வருவதைக் கெடுக்காமல் விடுவது.

கண்டிஷனரைத்தான் நான் முதலில் வைப்பேன். கடிதத்தில் மூன்று ஷாம்பு வருகிறது, கண்டிஷனர் என்ற வார்த்தையே இல்லை! கெட்டுப்போன முடியின் மேற்பரப்பில் எதிர்மின்னூட்டம் அதிகமாக இருக்கும், கண்டிஷனரில் உள்ள பொருள்கள் நேர்மின்னூட்டம் கொண்டவை, அதனால் எங்கே சேதம் அதிகமோ அங்கேயே அதிகமாக ஒட்டிக்கொள்கின்றன. ஒவ்வொரு தடவை ஷாம்பு போட்ட பிறகும் கட்டாயம் போடுங்கள். காதுக்குக் கீழே இருக்கும் முடிக்கு மட்டும், உங்கள் நீளத்துக்குத் தாராளமாகவே, இரண்டு மூன்று நிமிடம் வைத்து, அது தலையில் இருக்கும்போதே அகலப் பல் சீப்பால் நுனியிலிருந்து ஆரம்பித்து மேலே மேலே போய்ச் சிக்கெடுத்துவிட்டு அலசுங்கள். தலைத்தோலில் தடவத் தேவையில்லை. பட்டியலில் சீட்டைல் ஆல்கஹால், ஸ்டீரைல் ஆல்கஹால் என்று பார்த்துப் பயந்துவிடாதீர்கள், அவை முடியை வறட்டும் ஆல்கஹால் இல்லை, மெழுகு வகை, மென்மையாக்கத்தான் சேர்க்கிறார்கள். சிலிக்கோன் பற்றியும் நிறையப் பயமுறுத்தல் நடக்கிறது. உங்களைப் போலக் காய்ந்த நீள முடிக்கு அது நல்லதுதான் செய்யும்.

எண்ணெய்க்கு வருகிறேன். தேங்காய் எண்ணெயில் லாரிக் அமிலம் அதிகம். அதன் மூலக்கூறு சிறியது, நேரானது, முடியின் புரதத்தோடு ஒட்டும் குணமும் இருப்பதால் இழைக்குள்ளேயே ஊடுருவிப் போகும். மினரல் ஆயில் அப்படிப் போவதில்லை, மேலேயே நிற்கும். குளிப்பதற்கு முன் தேங்காய் எண்ணெய் தடவினால் முடி தண்ணீரை உறிஞ்சி ஊதிப்போவதும் புரதம் கரைந்து வெளியேறுவதும் குறைகின்றன என்பது சோதித்துப் பார்த்து எழுதப்பட்ட விஷயம். ஆகவே குளிப்பதற்கு அரை மணி, ஒரு மணி நேரம் முன்பு, காதுக்குக் கீழே உள்ள முடிக்கு மட்டும், கைக்கு ஒட்டும் அளவு எடுத்துத் தடவிக்கொள்ளுங்கள். மருந்து ஷாம்பு வழிந்து கீழே வரும்போது நீள முடிக்கு அது ஒரு பாதுகாப்பு. முன்பு செய்ததையேதான் செய்யப் போகிறீர்கள், தடவும் இடமும் நேரமும்தான் வேறு. இரவு முழுக்க வைத்திருக்க வேண்டியதில்லை.

ஷாம்புவைத் தோலுக்கு மட்டும் போடுங்கள், அலசும்போது வழிகிற நுரையே கீழ்முடிக்குப் போதும். முடியைச் சுருட்டி உச்சியில் வைத்துத் துணி துவைப்பதுபோல் கசக்கும் பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள். வழக்கமான ஷாம்புவில் முதல் வரியிலேயே சோடியம் லாரில் சல்ஃபேட் (எண்ணெயைக் கடுமையாக அகற்றும் பொருள்) இருந்தால் கொஞ்சம் மென்மையானதாக மாற்றிக்கொள்ளலாம், ஆனால் சல்ஃபேட் இல்லாதது எல்லாமே நல்லது என்ற அளவுக்குப் போக வேண்டாம். தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தால் போதும், கொதிக்கக் கொதிக்க ஊற்றிக்கொண்டால் அரிப்புக்கு அந்த நேரத்தில் இதமாக இருக்கும், பத்து நிமிடத்தில் அதிகமாகும். உப்புத் தண்ணீராக இருந்தால் அதில் உள்ள கால்சியமும் மக்னீசியமும் முடியில் படிந்து சொரசொரப்பைக் கூட்டும். அப்படிப்பட்ட தண்ணீரில் சோப்புக் கட்டியைத் தலைக்குப் போட்டால் சோப்பும் உப்பும் சேர்ந்து பிசுக்காகப் படியும், தண்ணீர் ஊற்றி ஊற்றிப் போகாது.

ஈர முடி பலவீனமானது, இழுத்தால் நீண்டு அறுந்துவிடும். துண்டால் உதறித் தேய்க்காமல் அழுத்தி ஒற்றி எடுங்கள். டிரையர் வேண்டுமென்றால் குறைந்த சூட்டில், ஒரு சாண் தள்ளிப் பிடித்து, ஒரே இடத்தில் நிறுத்தாமல். ஈரமாக இருக்கும்போது ஸ்ட்ரெய்ட்னர் போடுவது மட்டும் எந்தக் காரணத்துக்கும் கூடாது, இழைக்குள் இருக்கும் தண்ணீர் ஆவியாகிக் குமிழ் விட்டு முடியை உள்ளிருந்தே உடைத்துவிடும். ஈரம் காய்வதற்கு முன்பு இறுக்கிப் பின்னுவதும் உங்களுக்குக் கூடாது. முடியும் அறும், தோலும் நாள் முழுக்க ஈரமாகவே இருக்கும்.

பிளந்த நுனியை எதுவும் ஒட்டாது. நாலைந்து விரல் அளவு வெட்டிவிட்டால் சிக்கு பாதியாகக் குறையும். நீளம் போகிறதே என்று யோசிப்பீர்கள், உங்கள் முடி, உங்கள் இஷ்டம், ஆனால் வெட்டாவிட்டால் பிளவு மேலே ஏறி அதுவாகவே வேறு இடத்தில் உடையும்.

எலுமிச்சையை விட்டுவிடுங்கள். அதன் பி.ஹெச். 2 பக்கம், அதாவது நல்ல அமிலம், சொரிந்து புண்ணாகிய தோலில் எரியாமல் என்ன செய்யும். போதாததற்கு, சாறு பட்ட தோலில் வெயில் பட்டால் கறுத்துப்போகவும் கொப்பளிக்கவும் வாய்ப்பு உண்டு. சமையல் சோடா பற்றி நீங்கள் கேட்கவில்லை, அடுத்து யாராவது சொல்லக்கூடும் என்பதால் முன்கூட்டியே சொல்கிறேன், அது எதிர்த்திசையில் காரம், திறந்து கிடக்கும் அடுக்குகளை இன்னும் திறந்துவிடும். வேண்டாம்.

பயோட்டின் ஒரு பி வகை வைட்டமின்: அந்தச் சத்துக் குறைபாடு அரிது. குறைபாடு இல்லாதவர் சாப்பிட்டு வறண்ட முடி சரியாகும் என்பதற்கு நல்ல ஆதாரம் கிடையாது, அரிப்புக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. ஒரு தொந்தரவு மட்டும் உண்டு. அதிக அளவில் சாப்பிட்டால் சில ரத்தப் பரிசோதனைகளின் முடிவு தப்பாக வரும், தைராய்டு பரிசோதனையும் மாரடைப்பைக் கண்டுபிடிக்கும் ட்ரோபோனின் பரிசோதனையும் அதில் அடக்கம். அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2017-லேயே இது பற்றி எச்சரித்தது. மாத்திரைக்குச் செலவழிப்பதற்குப் பதிலாக, வறட்சியோடு கூடவே அசதி, எடை கூடுதல், குளிர் தாங்காமை, மாதவிலக்கில் மாற்றம், வழக்கத்தைவிட முடி அதிகமாகக் கொட்டுதல் என்று ஏதாவது இருந்தால் தைராய்டையும் இரும்புச்சத்தையும் பார்த்துவிடுங்கள். நாளைக்கு 50 முதல் 100 முடிவரை உதிர்வது இயல்பு. 10 நாளைக்கு ஒரு முறை குளிக்கிறவர் அன்றைக்குக் கொத்தாக வருவதைப் பார்த்துப் பயப்படுவார். வாரம் இரண்டு முறைக்கு மாறியதும் அது பிரிந்து பிரிந்து வரும், கூடிவிட்டது என்று நினைக்க வேண்டாம்.

கடைசிக் கேள்வி டை பற்றியது, எனக்கு உண்மையில் கவலை தந்தது அதுதான். அரிப்பு டையால் வந்ததா என்றால் பெரும்பாலும் இல்லை, அது குளியல் இடைவெளியை ஒட்டி ஏறி இறங்குகிறது, டை அடித்த தேதியை ஒட்டி அல்ல. ஆனால் போன தடவை மறுநாள் காதோரமும் பின்கழுத்தும் சிவந்ததே, அது தனி. கருப்பு, அடர் பழுப்பு நிரந்தரச் சாயங்களில் பெரும்பாலும் பாரா-ஃபினைலீன்டையமின் என்ற பொருளோ அதன் உறவுக்காரப் பொருளோ இருக்கும், பிபிடி என்று சுருக்கமாகச் சொல்வார்கள். அதற்கு ஒவ்வாமை வந்தால் தடித்த தலைத்தோலில் பெரிதாகத் தெரியாது, டை வழிகிற மென்மையான இடங்களில்தான் முதலில் தெரியும்: காது, கழுத்து, நெற்றி ஓரம், கண் இமை. ஒன்றிரண்டு நாள் தள்ளித்தான் வரும். பத்து வருடம் ஒன்றும் செய்யாத டை பதினோராம் வருடம் செய்யும், "இத்தனை நாள் இதைத்தானே போட்டேன்" என்ற வாதம் இங்கே எடுபடாது. ஒரு முறை உடல் அதை அடையாளம் கண்டுகொண்டால் அடுத்த முறை இதைவிட மோசமாகலாம், முகம் வீங்கிக் கண் திறக்க முடியாமல் வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

எனவே விசேஷத்துக்கு முன் டை வேண்டாம். வேறு கம்பெனி டையும் வேண்டாம், பிராண்டு மாறினாலும் உள்ளே இருப்பது அதுவாகவே இருக்கலாம். அம்மோனியா இல்லாதது என்றாலும் அதுவே, அம்மோனியாவுக்கும் பிபிடிக்கும் சம்பந்தம் இல்லை. மூலிகை, இயற்கை என்று போட்டிருக்கும் கருப்பு மருதாணிப் பொடியும் கூடாது. மருதாணி தானாகக் கருப்பாகாது, கருப்பாக ஏறுகிறது என்றால் பெரும்பாலும் இதே பொருளைக் கலந்திருப்பார்கள். டை போடுவதற்கு 48 மணி நேரம் முன்பு கையில் கொஞ்சம் தடவிப் பார்க்கும் சோதனை இதுவரை ஒன்றும் ஆகாதவர்களுக்கானது. உங்களுக்கு ஏற்கெனவே ஆகிவிட்டது, வீட்டில் சோதித்துப் பார்க்காதீர்கள். விசேஷத்தன்று நரை தெரியக்கூடாது என்றால் வேர்ப்பகுதியில் தூவுகிற பவுடர், ஸ்ப்ரே போன்றவை இருக்கின்றன, மேலே ஒட்டி அடுத்த குளியலில் போய்விடும், அதிலும் பொருள் பட்டியலைப் படித்துவிட்டு வாங்குங்கள்.

தோல் மருத்துவரிடம் போய்ப் பேட்ச் டெஸ்ட் செய்துகொள்ளுங்கள். சந்தேகப்படும் பொருள்களை முதுகில் ஒட்டி, இரண்டு நாள் கழித்து எடுத்து, அதன் பிறகும் இன்னொரு நாள் வரச்சொல்லிப் பார்ப்பார்கள், அதனால் ஒரு வாரத்தை ஒதுக்கிக்கொண்டு போங்கள். போகும்போது டை அட்டைப்பெட்டியையும் இப்போது உபயோகிக்கும் ஷாம்பு புட்டியையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள், ஷாம்புவில் இருக்கும் வாசனைப் பொருளும் கெடாமல் இருக்கச் சேர்க்கும் பொருளும்கூட ஒவ்வாமை தரலாம் என்பதால் பட்டியலை அவர் நேரில் படிப்பது நல்லது. அதற்குள் நான்கு வாரம் மருந்து ஷாம்பு ஒழுங்காகப் போட்டும் அரிப்பு பாதிகூடக் குறையவில்லை என்றால் அதையும் அங்கேயே சொல்லிவிடுங்கள், தலைத்தோலை நேரில் பார்த்தால் நான் கடிதத்தில் ஊகித்ததை அவரால் சரியா தப்பா என்று உறுதிசெய்ய முடியும்.